ஃபிராங்க் ஜான்சன்: நீதிபதியா, அலபாமாவின் நிழல் கவர்னரா?

தராசு:
அமெரிக்க நீதிபதிகள் என்றாலே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரைத்தான் பேசுகிறோம். எனக்குப் பிடித்தவர் அலபாமா மாநிலத்தின் மான்ட்கொமரியில், மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்த ஃபிராங்க் ஜான்சன். 1955-இல் அதிபர் ஐசனோவர் நியமித்தபோது வயது 37. மறு ஆண்டே பேருந்து வழக்கு வந்தது. வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் கைதான பிறகு கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். மூவர் அமர்வில் ஜான்சனும் ரிச்சர்ட் ரைவ்ஸும், நிறம் பார்த்து உட்கார வைப்பது செல்லாது என்றார்கள், மூன்றாமவர் மறுத்தார். அதன் பிறகு ஊரில் பலர் அவரை ஒதுக்கினார்கள். 1967-இல் அவர் அம்மாவின் வீட்டில் குண்டு வெடித்தது. அந்த அம்மா தப்பியது பெரிய விஷயம். இவரைப் போய் வரம்பு மீறியவர் என்று சொல்ல யாருக்காவது மனம் வருமா?

கரிசல்காட்டான்:
எனக்கு வருகிறது. பேருந்துத் தீர்ப்பில் குறையே இல்லை. ஆனால் 1972-இல் மாநில மனநல மருத்துவமனைகளுக்கு அவர் போட்ட உத்தரவைப் பாருங்கள். எட்டு நோயாளிகளுக்கு ஒரு கழிப்பறை, குழாயில் வரும் வெந்நீர் 110 டிகிரி ஃபாரன்ஹீட். 1976-இல் சிறைகளுக்கு: ஒரு கைதியின் அறை குறைந்தது 60 சதுர அடி. இதெல்லாம் நீதிபதி வேலையா, பொதுப்பணித்துறை வேலையா? சட்டமன்றம் வரி போட்டால்தானே காசு வரும்? இவரோ யாரும் ஓட்டுப் போடாத, ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கிற ஆள். அந்த மருத்துவமனை வழக்கு முடிந்தது 2003-இல். அவர் 1999-லேயே இறந்துவிட்டார்!

தராசு:
வழக்கு எப்படி வந்தது என்பதை விட்டுவிட்டீர்களே. சிகரெட் வரி வசூல் குறைந்ததால் டஸ்கலூசாவின் பிரைஸ் மருத்துவமனையில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் சுமார் 5,000 பேர். சிகிச்சை என்று சொல்லி ஒருவரை அடைத்துவிட்டு சிகிச்சையே தராவிட்டால் அது வெறும் சிறைதான் என்பது அவர் கருத்து. 1971-இல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு ஆறு மாதம் கொடுத்தார். நடக்கவில்லை. அப்புறம்தான் அந்தப் பட்டியல். அதிலும் பல விதிகள் இரு தரப்பும் ஒத்துக்கொண்டவை.

வெண்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இருவருமே அவரைப் பெரிய புரட்சிக்காரராக ஆக்குகிறீர்கள். டஸ்கீகி ஊரில் கறுப்பின வாக்காளர்களை வெளியே தள்ள, சதுரமாக இருந்த எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக வெட்டினார்கள். அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தவர் இதே ஜான்சன்தான். 1960-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. 1961-இல் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்குத் தடை போட்டவர், பேருந்தில் சமத்துவம் கேட்டுப் பயணம் வந்தவர்களுக்கும் தற்காலிகத் தடை போட்டார். கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக செல்மாவிலிருந்து மான்ட்கொமரிக்கு நடக்கவிருந்த ஊர்வலத்தையும் 1965 மார்ச் 9 அன்று நிறுத்திவைத்து, விசாரித்து, 17-ஆம் தேதிதான் அனுமதித்தார். அப்போதும் சாலை இருவழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்று நிபந்தனை.

கரிசல்காட்டான்:
அப்படிப் போடுங்கள்! அந்தச் செல்மா தீர்ப்பில் அநியாயம் எவ்வளவு பெரியதோ, போராடும் உரிமையும் அவ்வளவு பெரியது என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அநியாயத்தை அளப்பது யார்? நாளைக்கு வேறொரு நீதிபதி வேறு படியை எடுத்து அளந்தால்?

தராசு:
டஸ்கீகி விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். முன்தீர்ப்பு கட்டிப்போட்டது என்று நினைத்தார்; தவறு. ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பின்னாளில் அலபாமா கவர்னரான, இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் அவருடன் சட்டம் படித்தவர். வாலஸ் மாநில நீதிபதியாக இருந்தபோது, மத்திய அரசு கேட்ட வாக்காளர் பதிவேடுகளைத் தர மாட்டேன் என்று ஊருக்கு முன்னால் வீரம் பேசிவிட்டு, பின்வாசல் வழியாக ஒப்படைத்தார். ஜெயிலுக்குப் போனால் தியாகி ஆகலாம் என்ற கணக்கு. 1959-இல் ஜான்சன், பதிவேடுகள்தான் வந்துவிட்டனவே என்று விடுவித்துவிட்டார்! வாலஸுக்கு அதுதான் பெரிய தண்டனை. 1962 தேர்தலில் ஜான்சனைப் பொய்யர் என்று திட்டியே ஓட்டு வாங்கினார்.

வெண்பா:
அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். 1977-இல் அதிபர் கார்ட்டர் ஜான்சனை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் இயக்குநராக்கப் பார்த்தார், உடல்நிலை இடம்தரவில்லை. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்.

கரிசல்காட்டான்:
சரி, வாலஸ் கதை அருமை. வெந்நீருக்கான காசை யார் கொடுப்பது என்று கேட்டேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.