கொய்யாவில் பழ ஈ: வாசனை எண்ணெய் கட்டிப் பார்த்த அனுபவம்

ஆயக்குடி பக்கம், கொய்யா:

இரண்டு ஏக்கரில் லக்னோ 49 ரகக் கொய்யா வைத்திருக்கிறேன். மழைக்காலக் காய்ப்பில்தான் பழ ஈ வந்து அழிக்கும். வெளியே பார்த்தால் நல்ல பழம். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி மட்டும் இருக்கும், அழுத்தினால் அந்த இடம் கொழகொழவென்று உள்ளே போகும். பிட்டால் அரிசி மாதிரி வெள்ளைப் புழு. கீழே விழுந்ததும் உடம்பை வளைத்துத் துள்ளும். மூன்று வருடம் முன்பு ஐப்பசியில் பறித்ததில் பாதியை வியாபாரி கழித்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தினமும் பறிக்கிற பழத்தில் மருந்தடிக்க மனம் வரவில்லை. வாசனை எண்ணெய் பூச்சியை விரட்டும் என்றார்கள். கொசுவுக்காக வீட்டில் இருந்த சிட்ரோனெல்லா எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஓரத்து வரிசையில் கட்டினேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனால், பஞ்சு முழுக்கப் பழ ஈ! வாயை ஒற்றி ஒற்றி நக்கிக்கொண்டிருந்தன. விரலைக் கிட்டே கொண்டுபோனேன், ஒன்றும் பறக்கவில்லை. ஒன்று விரலில் ஏறி உட்கார்ந்து அதையும் நக்கியது.

பூச்சியியல் படிக்கும் உறவுக்காரப் பையன் விளக்கம் சொன்னான். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹௌலெட் என்பவர் 1912-லேயே இதை எழுதியிருக்கிறாராம். சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈ கூட்டமாக வருவதைப் பார்த்து, அதிலுள்ள எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடியதில் கிடைத்ததுதான் மெத்தைல் யூஜினால். சிலோன் வகை எண்ணெயில் அது உண்டு, ஜாவா வகையில் மிகக் குறைவு. நம் துளசியிலும் இருக்கிறது. ஆண் ஈ அதைத் தின்று, பெண்ணைக் கவரும் வாசனையாக உடம்பிலேயே மாற்றிக்கொள்ளும். அதனால்தான் அந்த வெறி.

அப்புறம் விரட்டும் எண்ணத்தை விட்டேன். சின்னப் பிளைவுட் துண்டுகளை ஸ்பிரிட், மெத்தைல் யூஜினால், மாலத்தியான் பூச்சிமருந்து மூன்றும் 6:4:1 கலந்த கலவையில் ஊறவைத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்ட டப்பாவுக்குள் தொங்கவிட்டேன். மருந்து டப்பாவுக்குள்ளேயே நிற்கும், பழத்தில் படாது. முதல் வாரம் டப்பாவின் அடி தெரியாத அளவுக்கு ஈ விழுந்தது. ஆனாலும் அந்த வருடம் புழு பெரிதாகக் குறையவில்லை. விழுவது ஆண் மட்டும்தான், முட்டையிடுவது பெண். ஏற்கெனவே ஆணோடு சேர்ந்த பெண் ஈ குத்திக்கொண்டேதான் இருந்தது. அடுத்த வருடம் காய் பிடித்த உடனே கட்டினேன், உதிர்ந்த பழத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்கினேன். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது.

ஒட்டன்சத்திரம், பாகல்:

அண்ணே, இதே டப்பாவைப் பாகல் பந்தலில் கட்டி ஒரு மாதம் வீணாகக் காத்திருந்தேன். பிஞ்சு கோணிக்கொண்டு மஞ்சளாகி விழுந்ததுதான் மிச்சம். பாகல், புடலை, பீர்க்கனைக் குத்துவது வேறு ஈ, மெத்தைல் யூஜினாலுக்கு வரவே வராது. அதற்கு க்யூ லூர் என்கிற வேறு கவர்ச்சிப் பொருள் வேண்டும். மாற்றிக் கட்டிய மறுநாளே விழ ஆரம்பித்தது. கடையில் ‘பழ ஈப் பொறி’ என்று மட்டும் கேட்காதீர்கள், பயிரையும் சொல்லி வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி, மா:

நான் கிராம்பு எண்ணெய் வாங்கி ஏமாந்தவன். அதில் இருப்பது யூஜினால். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மெத்தைல் யூஜினாலுக்கு வருகிற கூட்டம் அதற்கு வராது.

இன்னொன்று. பசிபிக்கில் ரோட்டா தீவில் 1960-களில் இதே மெத்தைல் யூஜினாலோடு பூச்சிமருந்து கலந்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுக்கப் போட்டு, இந்த ஈயையே இல்லாமல் ஆக்கினார்கள். சுற்றிலும் கடல், வெளியிலிருந்து ஈ வந்து சேர வழியில்லை. என் தோப்புக்கு வேலி மட்டும்தான். பக்கத்துத் தோப்பில் பறிக்க ஆள் கிடைக்காமல் பெங்களூரா ரக மாம்பழம் மரத்திலேயே பழுத்து உதிர்ந்து கிடக்கிறது. அங்கே வளர்வது எனக்கும் வருகிறது. போன சித்திரையில் நாங்கள் ஐந்து தோப்புக்காரர்கள் பேசி ஒரே நாளில் கட்டினோம். நீலம் ரக மாம்பழம் பறிக்கும்வரை நான் கழித்த பழம் எப்போதையும்விடக் குறைவு.

சென்னை, மாடித்தோட்டம்:

லெமன்கிராஸ் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து புடலைக்கு அடித்தேன். எண்ணெய் மேலேயே மிதந்து, பட்ட இடமெல்லாம் இலை தீய்ந்துவிட்டது. பத்து செடிக்கு மாலத்தியான் வாங்கவும் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா, அண்ணா?

ஆயக்குடி பக்கம், கொய்யா:

உண்டும்மா. அடிக்கிற எண்ணெய் எதுவானாலும் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஒரே ஓர் இலையில் முதலில் பாருங்கள். ஆனால் நம் வெயிலில் அந்த வாசனை சில மணி நேரத்தில் பறந்துவிடும், அதை நம்பிக் காயை விடவேண்டாம். பத்துச் செடிதானே, பூ உதிர்ந்து பிஞ்சு விரல் அளவு இருக்கும்போதே நீளமான துணிப் பையை மாட்டி வாயைக் கட்டிவிடுங்கள். குத்துப்பட்ட பிஞ்சைத் தொட்டி மண்ணில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். பாலித்தீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி நாலைந்து நாள் வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள்.