பாடங்களை இணைத்து நடத்தினால் கணக்கு பின்தங்கிவிடாதா?

கேள்வி:
மூன்றாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களையும் நான்தான் எடுக்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரே கருப்பொருளை வைத்து மொழி, கணக்கு, அறிவியல் மூன்றையும் சேர்த்து நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். 'தண்ணீர்' என்று எடுத்துக்கொண்டு பாடக்குறிப்பு எழுதிப் பார்த்தேன். மழை பற்றி ஒரு பாட்டு, ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டுவது, லிட்டர் வரும் நாலு கூட்டல் கணக்கு. மூன்று பேருக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்ட மாதிரிதான் இருக்கிறது, இதில் பிள்ளைகள் புதிதாக என்ன கற்பார்கள் என்று பிடிபடவில்லை. அதைவிடப் பெரிய கவலை கணக்கு. படிப்படியாக ஏற வேண்டிய பாடம் அது, கருப்பொருளுக்குத் தோதாக இழுத்தால் நடுவில் ஏதாவது விட்டுப்போகும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மதிப்பீடு எப்படி என்பதையும்.

பதில் 1:
கருப்பொருளை விடுங்கள், ஒரு கேள்வியில் தொடங்குங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேட இரண்டு பாடங்கள் உண்மையிலேயே தேவைப்பட வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்பது "நம் நிழல் எப்போது ரொம்பக் குட்டையாக இருக்கும்?" என்று. எல்லாப் பிள்ளைகளும் பன்னிரண்டு மணிக்கு என்பார்கள். சரி, பார்க்கலாம் என்று வெட்டவெளியில் ஒரு குச்சியை நேராக நட்டு, காலையிலிருந்து மணிக்கொரு முறை, நடுப்பகலை ஒட்டி கால் மணிக்கொரு முறை நிழலை அளக்க வைப்பேன் (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்). இங்கேதான் கணக்கு தானாக உள்ளே வருகிறது. சில பிள்ளைகள் அளவுகோலின் பூஜ்ஜியக் கோட்டை விட்டுவிட்டு அதன் ஓரத்தைக் குச்சியோடு ஒட்டி வைப்பார்கள். ஒரே நிழலுக்கு இரண்டு குழுக்களிடம் இரண்டு அளவு இருக்கும், யார் சொல்வது சரி என்று சண்டையே வரும். பயிற்சித்தாளில் பத்து முறை சொல்லியும் ஏறாதது அந்தச் சண்டையில் ஏறிவிடுகிறது. அப்புறம் அட்டவணை, அதிலிருந்து பட்டை வரைபடம். நிழல் மிகக் குட்டையாவது கடிகாரத்தின் பன்னிரண்டில்தான் என்று கட்டாயமில்லை, சூரியன் அந்த இடத்தின் உச்சத்துக்கு வரும் நேரத்தில்தான், அது ஊருக்கு ஊர் முன்பின்னாக இருக்கும். இது பிள்ளைகளைத் திகைக்க வைக்கும், அந்தத் திகைப்பைத் தவறவிடாதீர்கள், அறிவியல் பாடம் அங்கேதான் இருக்கிறது.

பதில் 2:
மேலே சொன்னது அருமை, ஆனால் ஒரு நிபந்தனை: சென்டிமீட்டரில் அளக்க முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இணைந்த வேலையில் ஒரு திறனைப் பயன்படுத்தலாம், ஆழப்படுத்தலாம், அடியோடு புதிதாக அறிமுகப்படுத்துவது கடினம். அதனால் கணக்குக்கு உள்ள பாடவேளையை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வாய்ப்பாடும் கடன் வாங்கிக் கழித்தலும் தனியாகத்தான் நடக்க வேண்டும். பின்லாந்தில் பாடங்களையே எடுத்துவிட்டார்கள் என்று பலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 2016-ல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய பாடத்திட்டம் கேட்பது ஆண்டுக்குக் குறைந்தது ஒருமுறை பல பாடங்களை இணைத்து நடத்தும் ஒரு அலகு. தனித்தனிப் பாடங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

பதில் 3:
மதிப்பீட்டுக்கு என் வழி இது. பிள்ளையின் குறிப்பேடு ஒன்றுதான், ஆனால் தனித்தனியாகப் பார்ப்பேன். அளவுகள் சரியா, வரைபடத்தின் அச்சில் இடைவெளி சீராக இருக்கிறதா என்று கணக்குக்கு ஒருமுறை. மொழிக்கு, "இதைப் பார்க்காத ஒருவர் நீ எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே செய்ய முடியுமா?" என்பது ஒன்றே அளவுகோல். "குச்சி நட்டோம், நிழல் பார்த்தோம்" என்று எழுதிய பிள்ளை, அந்தக் குறிப்பை வைத்துப் பக்கத்துக் குழு திணறுவதைப் பார்த்ததும் குச்சியின் உயரம், எங்கிருந்து எங்கே அளந்தோம் என்றெல்லாம் தானே சேர்க்கும். மொத்தமாக ஒரே மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், அழகாக எழுதும் பிள்ளையின் கணக்குத் தடுமாற்றம் அதில் மறைந்துவிடும். ஓவியத்தையும் பாட்டையும் வலிந்து சேர்க்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'தண்ணீர்' அப்படியே இருக்கட்டும், அதைக் கேள்வியாக மாற்றிவிடுகிறேன்: "சொட்டும் குழாயிலிருந்து ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் போகும்?" பத்து நிமிடம் பிடித்து அளந்தால் ஒரு மணிக்கு ஆறு மடங்கு, மில்லிலிட்டரிலிருந்து லிட்டருக்கும் வேலை இருக்கிறது. ஒரு நாளுக்கு 24-ஆல் பெருக்குவது மூன்றாம் வகுப்புக்குக் கொஞ்சம் அதிகமோ?

பதில் 2:
பெருக்க வேண்டாம், மணிக்கணக்கை அட்டவணையில் திரும்பத் திரும்பக் கூட்டட்டும். குறுக்குவழி யாராவது கேட்டால் அப்போது சொல்லிக் கொடுங்கள்.