புதுப்பிப்பு: அந்த 1 டாலர் நினைவு அட்டை அசல்தான்

போன மாதம் கேட்டிருந்தேன், நினைவிருக்கும்: அமெரிக்க அரசின் செதுக்கல், அச்சுப் பணியகம் வெளியிட்ட நினைவு அட்டை ஒன்று வாங்கினேன், 1896ஆம் ஆண்டு 1 டாலர் வெள்ளிச் சான்றிதழின் (வெள்ளியாக மாற்றிக்கொள்ளலாம் என்று வெளியிட்ட பழைய பணத்தாள்) முகப்புப் படம். தகட்டில் செதுக்கி அச்சிட்டதா, வெறும் ஆஃப்செட்டா (படத்தைப் பொடிப் புள்ளிகளாகப் பதிக்கும் சாதாரண அச்சு) என்று சந்தேகம்.

சரி, விடை கிடைத்துவிட்டது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். புள்ளிகளே இல்லை, எல்லாம் கோடுகள். படத்தில் இளைஞனுக்குப் பாடம் சொல்லும், வரலாற்றின் உருவகமான அந்தப் பெண்ணின் கையில் நிழல்கூடக் கோடு கோடாகத்தான் விழுகிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மை காகிதத்திலிருந்து மேடிட்டு நிற்கிறது. தகட்டின் பள்ளத்தில் தங்கிய மையைக் காகிதம் பெரும் அழுத்தத்தில் உறிஞ்சி எடுப்பதால் வரும் மேடு அது. விரலால் தடவிப் பார்க்கச் சொன்னவர்கள் மன்னிக்க, எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வருத்தம். விற்றவர் போட்டுக் கொடுத்த பிவிசி பிளாஸ்டிக் உறை லேசாகப் பிசுபிசுத்திருந்தது. நல்லவேளை, அட்டையில் கறை இல்லை. உடனே மைலார் (பிசுபிசுக்காத பாலியஸ்டர் பிளாஸ்டிக்) உறைக்கு மாற்றிவிட்டேன்.

இந்தப் பணியகத்தின் நினைவு அட்டைகள் 1954இல் ஒரு தபால்தலைக் கண்காட்சியோடு தொடங்கியவை. பணத்தாள் பக்கம் வந்தது பின்னால்தான். அப்புறம் என்ன, அதே 1896 பணத்தாள் வரிசையின் 2 டாலர், 5 டாலர் அட்டைகளையும் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.