குடிநீரில் மருந்தெச்சம்: காபன் நனோகுழாயா, சிரட்டைக்கரியா?

உப்புவெளிக் கிணறு:
திருகோணமலைக் கரையோர மணல் நிலத்தில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. நாம் விழுங்கும் குளிசைகளில் ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறி மணலூடாக ஊற்றைச் சேர்கிறது. கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து போன்றவை இலகுவில் சிதைவதில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. கிராபீன் என்பது ஓரணுத் தடிப்புள்ள காபன் தாள்; அதைச் சுருட்டியது போன்றதே காபன் நனோகுழாய். கிராபீனின் பரப்போ கோட்பாட்டளவில் கிராமுக்கு ஏறத்தாழ 2,630 சதுர மீற்றர். அதன் அறுகோண வலை மருந்து மூலக்கூறுகளிலுள்ள வளையங்களை ஈர்த்துப் பிடிக்கிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிராபீன் அடுக்குகளாலான உயர்தரக் காரீயம் (கிராபைற்று) வைத்திருக்கும் நாடு கிராபீன், நனோகுழாய் கொண்ட நீர்வடிகளை ஏன் செய்யக்கூடாது?

கொட்டியாரக்கரை:
ஐயா, உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் வழி சரியென்று நான் கருதவில்லை. ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் தூய நீரில் ஒரு மருந்தைக் கரைத்துத்தான் அளக்கிறார்கள். கிணற்று நீரிலோ இலைதழை உக்கிய கரிமப் பொருள் மருந்தைவிடப் பன்மடங்கு இருப்பதால், மருந்து வந்து சேருமுன்பே அது பரப்பை அடைத்துக்கொள்ளும். மேலும், ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் அமைந்த பல்சுவர் நனோகுழாய்களில் ஒரு வகையை, ஒருவேளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2014இல் வகைப்படுத்தியது. நீரைச் சுத்தப்படுத்தப் போய் அந்த நனோகுழாய்த் தூளையே குடிக்க நேர்ந்தால் யார் பொறுப்பு? தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் உயிர்ப்பூட்டிய கரியை இலங்கை ஏற்றுமதியே செய்கிறது. அதன் மணிகள் வடியில் நிரப்பிய படுக்கையை விட்டு இலகுவில் நகர்வதில்லை.

உப்புவெளிக் கிணறு:
அந்த வகைப்பாடு ஒரு குறிப்பிட்ட நாருக்கே உரியது. ஏனையவற்றுக்குச் சான்று போதாதென்றே அப்போது சொன்னார்கள். சான்று போதாமை பாதுகாப்பாகாது என்பதை ஏற்கிறேன். அதனால்தான் தூளாக இடாமல் சவ்விலோ மணியிலோ பதித்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறேன். சிரட்டைக்கரியில் மூலக்கூறு நுண்துளைகளுக்குள் நெடுந்தூரம் ஊர வேண்டும். நனோகுழாயின் வெளிப்பரப்பில் அது விரைவாகப் படியும்.

மருந்தகத்துத் தங்கச்சி:
அண்ணாமாரே, எந்தக் கரியானாலும் நிரம்பியபின் எங்கே போடுவது? அடுக்களைத் தொட்டியருகே நின்று, மீந்த அமொக்சிசிலின் வில்லைகளைத் தாளிலிருந்து ஒவ்வொன்றாக அமுக்கித் தண்ணீரில் விடுவோரை நான் பார்த்திருக்கிறேன். மீந்த மருந்தைத் திரும்பப் பெறும் ஏற்பாடு முதலில் வேண்டும்.

கொட்டியாரக்கரை:
தங்கச்சி சொல்வது சரி. ஆனாலும் உடலிலிருந்து வெளியேறுவதை அந்த ஏற்பாடு தடுக்காது. ஆகவே மருந்துச் செறிவு கூடிய வைத்தியசாலைக் கழிவுநீர் வெளியேறும் இடத்திலேயே சிரட்டைக்கரிப் படுக்கையை வைப்போம். நிரம்பிய கரியை உயர்வெப்பத்தில் மீளுயிர்ப்பிக்கலாம். ஐயாவின் சவ்வும் அதே கழிவுநீரில், கரியின் பக்கத்திலேயே, பல மாதங்கள் ஓடட்டும். எது எவ்வளவு பிடிக்கிறது, எது நனோத்துகளைக் கசியவிடுகிறது என்பதை அளந்த பின்னரே வீட்டுக் கிணறுகளைப் பற்றிப் பேசலாம்.