கொர்பு மலை இரண்டாம் நாள்: மழை வருமா வராதா என்று நின்றவர்கள் எழுதுங்கள்

சிப்புட்காரன்:

பேராக் சுங்கை சிப்புட்டில் இப்போது வீட்டுக்கு ஒருவர் மலை ஏறுகிறோம். ஆனால் உச்சியில் பலகையைப் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தைத்தான் எல்லாரும் போடுகிறார்கள். உச்சிக்குப் போகாமல் திரும்பிய நாளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நான் ஆரம்பித்து வைக்கிறேன், உங்கள் கதையையும் கீழே எழுதுங்கள்.

கொர்பு 2,183 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் தாஹான் மலைக்கு அடுத்த உயரம், வித்தியாசம் நாலே மீட்டர். வனத்துறை பெர்மிட் எடுத்து, மலிம் குனோங், அதாவது மலை வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, உலு கிந்தா அணைப் பக்கமிருந்து ஏறினோம். மூன்று நாள், இரண்டு இரவு. முதல் நாளில் சொல்ல ஒன்றுமில்லை. மூட்டை கனம், வியர்வை, அட்டைக் கடி. சாயங்காலம் கெம் செரோஜா முகாமில் கூடாரம்.

அது அக்டோபர், பருவக்காற்று மாறுகிற நேரம். நம் பக்கம் இந்த மாதங்களில் காலை வெயிலை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. தரை சூடேற ஏற, மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று தித்திவங்சா மலைத்தொடரில் முட்டி மேலே ஏறும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். மைச்சுவாச்சா வானிலைச் செயலியில் காலை, மதியம், இரவு என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஆனால் அது ஈப்போவுக்கான வானிலை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே என்ன நடக்கும் என்று அதில் இருக்காது.

எங்கள் மலிம் ஓர் அஸ்லி (பூர்வகுடி) அண்ணன், பேச்சு குறைவு. காலில் அடிடாஸ் கம்போங், அதாவது நம் அம்மாமார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போன அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. நாங்கள் நானூறு, ஐந்நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய சப்பாத்தோடு வழுக்கி விழுந்துகொண்டிருந்தோம், அவர் படியேறுவது போலப் போனார். விடிவதற்கு முன் ஆற்றோரம் போய், தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வைத்தார். திரும்பி வந்து ஒரே வார்த்தை சொன்னார்: ஒரு மணி. எங்கே நின்றாலும் ஒரு மணிக்குத் திரும்பணும். எல்லாரும் தலையாட்டினோம்.

கெம் கிஜாங் தாண்டினதும் ஏற்றம் கடுமை. கையும் காலும் வைத்து, வேரைப் பிடித்து ஏறணும். அதற்கு மேலே பாசிக் காடு. மரம், கல், வேர் எல்லாம் பச்சைப் பாசி, இடையில் குடுவைச் செடிகள். பதினோரு மணிக்குமேல் பனிமூட்டம் இறங்கி, பத்தடிக்கு முன்னால் போகிறவன் தெரியவில்லை. தூரத்தில் ஒரு இடி, அப்புறம் ஒன்றுமில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மேலேயிருந்து பினாங்குக் கூட்டம் ஒன்று இறங்கி வந்தது. "மேலே நல்ல வெயில் அண்ணே, இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்றார்கள். அதோடு பிரச்சினை ஆரம்பித்தது. எங்களில் ஒருவன் சம்பளமில்லா லீவு போட்டு வந்தவன். "ஒரு மணி நேரம்தானே? இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதா?" என்று நின்றுவிட்டான். மலிம் கோபப்படவில்லை. விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார். அவர்கள் நடைக்கு ஒரு மணி நேரம், உங்கள் நடைக்கு ஒன்றரை. இறங்க ஐந்து மணி நேரம். ஏழேகாலுக்கு இருட்டிவிடும். ஆற்றைக் கடப்பது இருட்டில். மேலே எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் அங்கேதான் வரும். சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பினார்.

திரும்பினோம். இதில் வேடிக்கை, மழை வரவே இல்லை. வழியெல்லாம் வெயில். குச்சி நட்ட இடத்திலேயே இருந்தது, தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. லீவு போட்டவன் சோறு வேகும்வரை யாரோடும் பேசவில்லை. டவுனுக்கு வந்ததும் சாப்பாட்டுக் கடையில் ஒரே கேலி: "மழையே வரலையாமே, பயந்து ஓடி வந்தீங்களா?"

எனக்கு அந்த முடிவில் ஒரு குறையும் தெரியவில்லை. மழை வரும் என்று மலிம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே! வந்தால் ஆற்றங்கரைக்கு வெளிச்சத்தோடு போய்ச் சேர முடியுமா என்றுதான் பார்த்தார். என் அம்மாவும் விடியற்காலையில் வானத்தைப் பார்த்து பால் வெட்டு உண்டு, இல்லை என்று சொன்னதில்லை. மரப்பட்டையைத் தடவிப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காது, பட்டை மேலே வழிந்து வீணாகும். கத்தி பைக்குள் போய்விடும். அப்புறம் பத்து மணிக்கு வெயில் அடித்தாலும் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

லாடாங் பையன்:

அண்ணே, நாங்கள் திரும்பாத ஆட்கள். அதே மலைதான். மழையிலேயே உச்சிக்குப் போனோம், படமும் இருக்கிறது. படத்தில் சிரிக்கிற ஆள் ஒருவன், அரை மணி நேரத்தில் உளற ஆரம்பித்தான். பை ஜிப்பைப் பிடித்து இழுக்கத் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் குழறுகிறது. குடித்தவன் மாதிரி இருக்கிறான் என்று முதலில் சிரித்தோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். ஈப்போவில் 33 என்றால் உச்சியில் இருபதுதான். அதில் பருத்தி டீ-சட்டை நனைந்து, காற்றும் அடித்தால் உடம்புச் சூடு போய்விடும். கூட வந்த ஒரு தாதி அக்காதான் கண்டுபிடித்தார். ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்த துணி போட்டு, தூக்கப்பையில் நுழைத்து, சூடாக இனிப்பு மைலோ கொடுத்து உட்கார வைத்தோம். நல்ல நினைவோடு விழுங்க முடிகிற ஆளுக்குத்தான் குடிக்கக் கொடுக்கணும் என்றார். ஒரு செட் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்ததால் பிழைத்தோம். நான் இப்போதும் மழையில் ஏறுவேன், ஆனால் பருத்தி போட மாட்டேன்.

டீச்சர் சிப்புட்:

"தூரத்தில் ஒரு இடி" என்று லேசாக எழுதிவிட்டீர்கள் தம்பி! மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் சத்தம் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, மலைமுகட்டில் நிற்காதீர்கள். பனிமூட்டத்தில் மின்னல் தெரியாது, அப்போது சத்தம் கேட்டாலே இறங்க வேண்டியதுதான்.

அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் காலுறையை ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு வேலை செய்யவில்லை.

பழைய தோட்டத்து ஆள்:

ஆற்றைப் பற்றி நான் சொல்கிறேன், காட்டுவேலை செய்தவன். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் இருக்கும். மேலே பெய்த மழை கப்பாலா ஆயிராக, அதாவது திடீர் வெள்ளமாக, ஒரே மூச்சில் வரும். 2021 ஆகஸ்டில் கெடா ஜெராய் மலையில் அப்படித்தான் வந்து உயிர்களை வாங்கியது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேல்பக்கம் இரைச்சல் கேட்டாலோ பாத்திரத்தை எடுக்கக்கூட நிற்காதீர்கள். கரையை விட்டு மேட்டுக்கு ஏறுங்கள். இக்கரையில் மாட்டிக்கொண்டால் இங்கேயே ராத்திரியைக் கழியுங்கள். பட்டினி கிடந்து யாரும் ஒரு ராத்திரியில் சாகமாட்டார்கள். சிப்புட்காரன் தம்பியின் மலிம் குச்சி நட்டார் பாருங்கள், அந்த ஆளை விட்டுவிடாதீர்கள்.

லீவு போட்டவன்:

அது நான்தான். மலிம் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை நைசாக விட்டுவிட்டார் சிப்புட்காரன். நாலரைக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஆறு மணிக்குத்தான் கிளம்பினோம். ஏன்? ஐயாவுக்குச் சார்டின் சம்பல் சூடு பண்ணி, ரொட்டியோடு உட்கார்ந்து பசியாறணும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு வேண்டிய ஒன்றரை மணி நேரம்!

ஜூன், ஜூலையில் ஈப்போப் பக்கம் மழை குறைவு. அப்போது மறுபடி போகலாம். முதல் நாளே கெம் கிஜாங்வரை மூட்டையை ஏற்றிவிட்டால், மறுநாள் ஏற்றம் குறையும். யார் யார் வருகிறீர்கள்?

சிப்புட்காரன்:

என்னைப் போட்டுக்கொள். மலிமிடம் தேதி கேட்டுச் சொல்கிறேன், பெர்மிட்டுக்கு எல்லாரும் ஐ.சி. (அடையாள அட்டை) நகல் அனுப்புங்கள். சார்டினை முதல் நாள் ராத்திரியே தின்றுவிடுகிறேன்.