பொருள்: மறு: 'ஓவர்சைட்', 'ரெக்கார்ட்கீப்பிங்' – தெருநாய்ப் பணிகள் கையேட்டுக்குக் கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தெருநாய்க் கருத்தடைப் பணிகளைப் பற்றி வார்டு மக்களுக்கான கையேட்டை மொழிபெயர்த்துவரும் தோழி கேட்டிருந்தது:

> 'ஓவர்சைட்' வரும் இடமெல்லாம் 'கண்காணிப்பு' என்று போட்டேன். அதே பத்தியில் 'மானிட்டரிங் கமிட்டி'யும் வருகிறது. அதுவும் கண்காணிப்புக் குழுதான். எது எது என்று படிப்பவருக்குப் புரியாது. 'ரெக்கார்ட்கீப்பிங்' என்பதற்கு 'ஆவணப் பராமரிப்பு' போதுமா? 'இன்டேக்' (நாய் பிடிபட்டு உள்ளே வருவது), 'அவுட்கம்' (பிறகு அதற்கு என்ன ஆனது என்பது) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

அதற்கு வந்த பதில்களில் மேற்பார்வை, தணிக்கை, பொறுப்பாய்வு, பொறுப்புக்கேட்பு என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இந்தப் பணி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சொல் எங்கே இடறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் நாய்களுக்கான இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 2023 மார்ச்சில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பொறுப்பு உள்ளாட்சி அமைப்பினுடையது. வேலையைச் செய்வது பெரும்பாலும் அது அமர்த்தும் ஓர் அமைப்பு. இதைப் பார்த்துக்கொள்ள ஒரு கண்காணிப்புக் குழுவும் உண்டு. அதன் தலைவர் யார்? உள்ளாட்சியின் ஆணையர் அல்லது செயல் அலுவலர். 2001 விதிகளில் இருந்த இந்த ஏற்பாடு 2023 விதிகளிலும் தொடர்கிறது. பொது சுகாதாரத் துறை, கால்நடை மருத்துவர், விலங்கு நல அமைப்புகளின் பிரதிநிதிகள் எல்லாரும் குழுவில் இருக்கிறார்கள். ஆனாலும் பணியை நடத்துகிறவரும் பணி சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் குழுவின் தலைவரும் ஒருவரே.

இது முறைகேடு என்று நான் சொல்லவில்லை. எந்த நிர்வாகமும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்குக் 'கண்காணிப்பு' பொருத்தமான சொல், அதை அப்படியே விட்டுவிடலாம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணி முதல் காவல் கண்காணிப்பாளர் வரை, அந்தச் சொல்லில் மேலிருந்து கீழே பார்க்கும் கண்தான் இருக்கிறது. கையேடு 'ஓவர்சைட்' என்று சொல்வது வேறொன்றை. வார்டு உறுப்பினர், மாமன்றம், நீதிமன்றம், தகவல் கேட்கும் குடிமகன், இப்படி நிர்வாகத்துக்கு வெளியே இருப்பவர்கள் "என்ன செய்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்பது அது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், "குழு இருக்கிறதே, கண்காணிப்பு நடக்கிறதே" என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கையேட்டின் நோக்கமே அதில் தொலைந்துபோகும்.

வந்த சொற்களுக்கு வருகிறேன். 'மேற்பார்வை' கட்டட வேலைக்கும் தேர்வு அறைக்கும் பழகிவிட்டது, அதிலும் மேலதிகாரியின் பார்வைதான் இருக்கிறது. இலங்கை நாடாளுமன்றத்தில் 'துறைசார் மேற்பார்வைக் குழு' என்ற வழக்கு உண்டு என்பதால் தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நமக்குத் தேவையான வேறுபாட்டை அது காட்டவில்லை. 'தணிக்கை' முடிந்துபோன ஒன்றைப் பின்னால் சரிபார்ப்பது. திரைப்படத் தணிக்கை வேறு குறுக்கே வந்து நிற்கும். 'பொறுப்பாய்வு' ஆய்வுக் கட்டுரைக்கு நன்றாக இருக்கும், தெருவில் ஒருவர் வாயில் நுழையாது.

'பொறுப்புக்கேட்பு' எனக்கு மிகவும் பிடித்தது. ஈழத்தமிழில் 'பொறுப்புக்கூறல்' ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல், அதற்கு இணையாக ஒரு பக்கம் கேட்பு, மறுபக்கம் கூறல் என்று அழகாக அமையும். தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் 'பொறுப்பு கேட்கிறார்' என்றால் கட்சியில் பதவி கேட்கிறார் என்று பொருள். 'பொறுப்பு ஆணையர்' என்றால் தற்காலிகமாக அந்த நாற்காலியில் இருப்பவர். உள்ளாட்சி அலுவலகத்தில் புழங்கப்போகும் கையேட்டில் இந்தக் குழப்பம் வேண்டாம்.

என் முன்மொழிவு கணக்குக்கேட்பு.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 'கணக்குக் கேட்பது' நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிற வழக்கு. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையில் பெயர் எழுதத் தகுதியில்லாதவர்களைப் பட்டியலிடும்போது, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களைச் சேர்க்கிறது. அவர்களோடு நிற்காமல் உறவினர்களையும் விலக்குகிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர்ப்பணிகளை நடத்தியவர்கள் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது 10ஆம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைக்கப்பட்ட விதி. அண்மைக்கு வந்தால், 1972இல் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைக் கேட்டதும் அதைத் தொடர்ந்து நடந்தவையும் எல்லாருக்கும் தெரியும். 'கணக்குக் கேட்டார்' என்றால் தமிழ்நாட்டில் யாரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை. கேட்கிறவர் உரிமையோடு கேட்கிறார், எதிரே இருப்பவர் காட்டியாக வேண்டும் என்ற இரண்டும் அதற்குள் இருக்கின்றன.

கணக்கு என்றால் பணம்தானே என்று ஒருவர் கேட்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பணம் இல்லை. யானைகள் கணக்கெடுப்பு, புலிகள் கணக்கெடுப்பு என்று நாளிதழில் படிக்கிறோம். உயிர்களை எண்ணுவதற்கும் தமிழில் கணக்குதான். இந்தத் துறைக்கோ அது நேரடியாகவே பொருந்துகிறது: எத்தனை நாய்கள் பிடிபட்டன, எத்தனைக்கு அறுவை நடந்தது, எத்தனை திரும்பின. அறுவைகளின் எண்ணிக்கையை, அகற்றி வைத்த உறுப்புகளை எண்ணிச் சரிபார்க்கும் நடைமுறையும் இங்கே உண்டு.

அடுத்து 'ரெக்கார்ட்கீப்பிங்'. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பதிவு இல்லாத இடத்தில் கணக்குக்கேட்புக்கு வேலையே இல்லை.

'ஆவணம்' என்றதும் மனதில் வருவது பத்திரம், பட்டா, உயில். ஓர் உரிமையை நிறுவும் தாள். 'பராமரிப்பு' என்றதும் கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்வது. இரண்டையும் சேர்த்தால் பழைய தாள்களைக் காக்கும் காப்பகத்தின் வேலை என்று ஆகிவிடுகிறது. இங்கே சொல்லப்படுவது, நாய் கூண்டில் ஏறும்போதே ஒரு வரி எழுதுவது, பின்னால் அழித்து எழுதாமல் வைத்திருப்பது, கேட்டால் தேடி எடுத்துத் தருவது. மூன்றும் சேர்ந்த ஒரு பழக்கம். பதிவு பேணல் என்று வைக்கலாம். எழுதும் ஏடு பதிவேடு, அதிலுள்ள ஒவ்வொரு வரியும் பதிவு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 4, பொது அதிகார அமைப்புகள் தங்கள் பதிவுகளை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. யாரும் கேட்காமலே பலவற்றை வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் வழியே கேட்டுப் பெறக்கூடியது அலுவலகத்தின் கையில் இருக்கும் தகவலைத்தான். 'நீங்கள் கேட்கும் வடிவில் தொகுத்து வைக்கப்படவில்லை' என்ற ஒற்றை வரிப் பதில், தகவல் கேட்டுப் பழகிய எல்லாருக்கும் தெரிந்ததே. அதனால் கையேட்டில் பதிவு பேணல் பற்றிய பகுதி முன்னாலும் கணக்குக்கேட்பு பின்னாலும் வர வேண்டும் என்பது என் கருத்து. இப்போது தலைகீழாக இருக்கிறது.

பதிவின் தரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன், கையேட்டில் சேர்த்துக்கொள்ளலாம். 'பிடித்த இடம்' என்ற கட்டத்தில் வார்டு எண்ணை மட்டும் எழுதினால் அந்தப் பதிவு நிரம்பியதுபோலத் தெரியும். ஆனால் பிடித்த இடத்திலேயே விட்டார்களா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஒரு வார்டில் எத்தனையோ தெருக்கள். தெருப் பெயரும் பக்கத்திலுள்ள ஓர் அடையாளமும் நேரமும் இருந்தால்தான் 'விட்ட இடம்' என்ற கட்டத்தோடு அதை ஒப்பிட முடியும். பழகிய இடத்திலிருந்து வேறு தெருவில் இறக்கிவிடப்படும் நாய், அங்கே ஏற்கெனவே இருக்கும் நாய்களோடு மோதுகிறது. நாய்க்கடிப் புகார்கள் கிளம்புகின்றன. கட்டத்தில் இரண்டு சொல் குறைந்ததன் விளைவை ஒரு தெருவே சுமக்கிறது.

2025க்குப் பிறகு இந்தக் கட்டத்தின் எடை இன்னும் கூடிவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 ஆணையில், வெறிநோய் கண்ட அல்லது சந்தேகத்துக்குரிய நாய்களையும் ஆக்ரோஷமான நாய்களையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பர் 7 ஆணையில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்த நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்றது. ஆக, ஒரு நாய் தெருவுக்குத் திரும்புமா, காப்பகத்தில் தங்குமா என்பதைப் பிடித்த இடம் பற்றிய அந்த ஒரு வரி முடிவு செய்கிறது. 'ஆக்ரோஷமானது' என்று எழுதினால், எழுதியவர் யார், எதைப் பார்த்து எழுதினார் என்பதும் பதிவில் இருந்தாக வேண்டும். அந்த ஒரு சொல்லால் ஓர் உயிர் வாழ்நாள் முழுதும் கூண்டில் இருக்க நேரிடலாம். கடிபட்ட குழந்தையின் வீட்டாருக்கும் அந்த நாய் எங்கே போனது என்று கேட்க உரிமை உண்டு. நாய்க்காகப் பேசுபவரும் நாய்க்கடிக்காகப் பேசுபவரும் எதிரெதிரே நிற்கிறார்கள் என்றாலும், இருவருக்கும் வேண்டியது அதே பதிவேடுதான்.

கடைசியாக, 'இன்டேக்', 'அவுட்கம்'. அணைகளைப் பற்றி நாளிதழில் வரும் செய்தி நினைவிருக்கும்: நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு. மூன்றையும் பார்த்தால் கணக்கு சரியா என்று யாரும் சொல்லிவிடலாம். அதையே எடுத்துக்கொண்டு 'இன்டேக்' என்பதற்கு வரத்து என்று வைக்கலாம். 'வெளியேற்றம்' நாய்க்கு ஆகாது, துரத்துவதுபோல இருக்கிறது. 'அவுட்கம்' என்பதற்கு 'முடிவு' என்றால் இறப்பு என்று மட்டும் எண்ணிவிடுவார்கள். பொதுச்சொல்லாகப் போக்கு இருக்கட்டும். போக்குவரத்தில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. போக்கின் கீழே விடுகை, தத்து, காப்பகத்துக்கு மாற்றம், நோயால் இறப்பு, கருணைக்கொலை என்று தனித்தனியே வர வேண்டும். கடைசி இரண்டையும் 'இறப்பு' என்ற ஒரே கட்டத்தில் போடுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். ஒன்று நேர்ந்தது, மற்றது ஒருவர் எடுத்த முடிவு. முடிவு எடுத்தவரிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.

முன்னிருப்போடு வரத்தைக் கூட்டினால், போக்கும் இன்றைய இருப்பும் சேர்ந்த தொகைக்குச் சமமாக வர வேண்டும். வராவிட்டால் மீதி நாய்கள் எங்கே என்று வார்டு கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அவ்வளவு எளிமையாகக் கையேட்டில் எழுதிவிடலாம்.

இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர் ஐயாவின் மடலும் வந்தது:

> கேட்பது மட்டும் ஓவர்சைட் ஆகுமா? தவறு கண்டால் நிறுத்தும் அதிகாரமும் அதில் சேருமே.

நியாயமான கேள்வி ஐயா. சில இடங்களில் சேரும், பல இடங்களில் சேராது. வார்டு மக்களுக்குக் கேட்க முடியும், நிறுத்த முடியாது. நீதிமன்றத்தால் இரண்டும் முடியும். அந்த அதிகாரத்தைச் சொல்லுக்குள்ளேயே திணித்தால், அது இல்லாதவர்கள் தங்களுக்குக் கேட்கவும் உரிமை இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். அதிகாரம் உள்ள இடத்தில் 'கணக்குக்கேட்பும் தடுப்பாணை அதிகாரமும்' என்று சேர்த்து எழுதிக்கொள்வோம். உத்தரமேரூரிலும் கணக்குக் காட்டுவது ஒரு கடமை, காட்டாதவருக்குத் தகுதி நீக்கம் என்பது தனி விளைவு.

இன்னொன்று, கையேட்டில் 'விலங்குக் கட்டுப்பாடு', 'இனக்கட்டுப்பாடு' இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 'நாய் இனக்கட்டுப்பாட்டு மையம்' என்று செய்திகளில் வருவது கருத்தடை நடக்கும் இடம். பிடித்தல், புகார் கேட்டல், தனிமையில் வைத்தல் எல்லாம் சேர்ந்த சேவைக்கு 'விலங்குக் கட்டுப்பாடு' என்று சொல்லலாம். இதில் பெரிய விவாதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

தோழிக்கு இரண்டு மாதிரி வாக்கியங்கள்:

"கண்காணிப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளும் மாதாந்தர வரத்து–போக்குக் கணக்கும் வார்டு மக்களின் கணக்குக்கேட்புக்கு அடிப்படை."

"பதிவு பேணலில் குறை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யக் கோருங்கள்."

ஒரு சொல் மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கருத்தடைக்குப் பின் காதில் வைக்கும் அந்த அடையாளத்தை இதுவரை 'காது வெட்டு' என்றே எழுதியிருக்கிறேன், காயம் என்ற எண்ணம் வருகிறது. நாய் பிடிக்கும் குழுவினரும் அறுவை அறை உதவியாளர்களும் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று மருத்துவர் ஐயா கேட்டு எழுதினால், அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.