சோழர் காலக் கல்வெட்டுப் பெண்கள்: சைவம் ஓங்கியபோது இடம் சுருங்கியதா?

உப்புவெளி வாசகி:
சமணமும் பௌத்தமும் தளர்ந்து சைவம் ஓங்கியபோது பெண்களின் இடம் சுருங்கியது என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். இராணிமார் கோயில் கட்டினார்களே என்கிறது மறு சாரார். உயர்தர மாணவருக்கு எதைச் சொல்வது? திருகோணமலைப் பக்கத்தில் பெண் பெயருள்ள கல்வெட்டு ஏதும் உண்டா?

கல்லெழுத்து:
உண்டு. கந்தளாய்க்குக் கிட்ட, பாலமோட்டைக் கல்வெட்டு. இலங்கை அரசன் முதலாம் விஜயபாகு காலத்தது. நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த கணவனின் நினைவாகத் தென்கயிலாசம் என்ற விஜயராஜ ஈஸ்வரச் சிவன் கோயிலுக்குக் கொடை வைக்கிறாள். அந்தக் கொடையின் காவல் வேளைக்காரர் என்ற படையினரிடம். "சானி" பிராமணப் பெண்ணுக்குரிய ஒட்டு, அதை விட்டுவிட்டு வாசித்தால் சமூகம் பிடிபடாது. கொடுத்தவர் யார், யார் பெயரால், என்ன பொருள், யார் காவல் என்று நாலையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கொடுத்தவரையும் யார் நன்மைக்காகக் கொடுத்தார் என்பதையும் குழப்புவதுதான் மாணவர் வழக்கமாக விடும் பிழை.

சுருங்கியது எது என்றால், கற்பிக்கும் இடம். கழுகுமலையில் குரத்தியார் என்ற சமணப் பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. வேடல் என்ற ஊரில், சோழ அரசன் முதலாம் ஆதித்தன் காலத்தில், கனகவீரக் குரத்தியாரிடம் 500 மாணவியர் இருந்தார்கள். சைவத்தில் காரைக்கால் அம்மையார் பாடினார்தான். ஆனால் பெண் தலைமையில் இப்படியொரு பள்ளி அங்கே உருவாகவில்லை. கொடை கொடுக்கும் இடமோ விரிந்தது. சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளி, அதாவது கற்கோயில், ஆக்கினார். குந்தவை தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்குமாக மூன்று கோயில் எடுத்தார். மதம் மாறியதும் பழையதைத் துடைத்தெறிந்தார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மருந்து.

நெய்விளக்கு:
கொடையின் கனத்தையும் காட்டுங்கள். ஒரு நந்தாவிளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் கோயில் விளக்குக்கு, வழக்கமாக 96 ஆடு. மந்தை இடையரிடம் போகும். அவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய், அதாவது கால் நாழி, கோயிலுக்கு அளக்க வேண்டும். செத்ததைக் குட்டி ஈடுகட்டும், கணக்கில் 96 குறையாது. அதனால்தான் "சாவா மூவாப் பேராடு", சாகாத, மூப்படையாத ஆடு. ஒரு பெண் தன் பெயரில் விளக்கு வைத்தாள் என்றால், இவ்வளவு பெறுமதியான சொத்து அவள் கையாளக்கூடியதாக இருந்தது என்று பொருள்.

உப்புவெளி வாசகி:
கோயிலோடு இணைந்த பெண்களான தேவரடியாரை எந்தப் பக்கம் வைப்பது? பொலன்னறுவைச் சிவன் கோயிலான வானவன் மாதேவி ஈஸ்வரத்தையும் பெண் கொடையாக எண்ணலாமா?

கல்லெழுத்து:
எண்ண வேண்டாம். வானவன் மாதேவி சோழ அரசி. கோயிலுக்கு அவர் பெயர் என்பதால் அவர் கட்டினார் என்றாகாது.

தேவரடியாரைப் பிற்காலத் தேவதாசி முறையோடு ஒட்டிப் பார்ப்பதுதான் பெரிய வில்லங்கம். சோழர் கல்வெட்டில் அவர்களில் பலர் கொடையாளிகள். தஞ்சைப் பெரிய கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் வேறு கணக்கு: ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்ற விபரமும் சேர்த்து. முன்னது பக்தையின் கொடை, பின்னது அரசன் ஏற்படுத்திய உத்தியோகம். ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.

நெய்விளக்கு:
பௌத்தப் பக்கத்தையும் ஒரு வரி சேருங்கள். சோழர் படையெடுப்போடு பிக்குணிச் சங்கம், அதாவது பெண் துறவியர் சங்கம், இலங்கையில் அற்றுப்போனது. விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குமாரை அழைத்து ஆண் சங்கத்தை மீட்டான். பிக்குணிச் சங்கம் மீளவில்லை.